நிரோ தந்துவிட்டுப் போன டியூலிப் கிழங்குகள்

தம்பி,

அப்பாதான். போனில் பேசினால் மூன்றாவது வசனத்திலேயே நான் கத்தத் தொடங்கிவிடுவேன், நீயும் "ஓகே அப்பா, ஓகே அப்பா" என்று சொல்லிக்கொண்டு வேறெதையோ பார்த்துக்கொண்டிருப்பாய் என்று அம்மா சொல்கிறாள். இரண்டும் உண்மைதான். அதனால் பேனையை எடுத்திருக்கிறேன். இது கொஞ்சம் நீளும். தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து இருந்து ஆறுதலாகக் கேள். சித்திரை வருஷத்துக்குப் பிறகு நிரோ இந்த வீட்டுப் படி ஏறவில்லை. நீ மட்டும் வருகிறாய். அவளுக்கு வேலை என்கிறாய், தலையிடி என்கிறாய், உங்கள் நோர்பரியிலிருந்து எங்கள் இல்ஃபோர்ட்டுக்கு ரயில் சரியில்லை என்கிறாய். அதே ரயிலில்தானே ராசா நீ வந்து இறங்குகிறாய்? போன கிழமை குசினியில் நின்று அம்மாவிடம் மெல்லச் சொன்னது எனக்கும் கேட்டது. இனிமேல் பிள்ளை என்ற பேச்சையே எடுக்க வேண்டாம், என் கைக்கு ஒன்றும் தங்காது என்று நிரோ சொல்லிவிட்டாளாம். சொல்லும்போது உன் குரல் உடைந்தது. அந்த வசனம் அவளுடைய வாயில் எங்கேயிருந்து வந்தது என்று உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். ஆனால் டியூலிப்பிலிருந்து தொடங்கினால்தான் உனக்கு விளங்கும்.

நீங்கள் இரண்டு பேரும் எங்களோடு இந்த வீட்டில் இருந்த கடைசிக் கார்த்திகை மாதத்தில் அவள் அந்தக் கிழங்குகளைச் சந்தையில் வாங்கி வந்தாள். வயிற்றில் பிள்ளை என்று அப்போது அம்மாவுக்கு மட்டும்தான் சொல்லியிருந்தீர்கள். எனக்குத் தெரியாது என்று நீங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தீர்கள். முன் மதிலோரம், குப்பைத் தொட்டிகள் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில், குந்தியிருந்து மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள். "என்ன பிள்ளை, வெங்காயம் நடுறியோ?" என்று கேட்டேன். "இல்லை மாமா, டியூலிப். சித்திரைக்குப் பூக்குமாம்," என்றாள். யாழ்ப்பாணத்தில் செம்பருத்தியும் நந்தியாவட்டையும் பார்த்து வளர்ந்த பிள்ளை, இந்த ஊருக்கு வந்த முதல் வசந்தத்தில் பார்க்கில் இந்தப் பூவைப் பார்த்துவிட்டு வாயைப் பிளந்துகொண்டு நின்றதாக நீயே சொல்லியிருக்கிறாய். ஒவ்வொரு குழியிலும் கூர்ப்பக்கம் மேலே வருகிறதா என்று இரண்டு தரம் பார்த்துப் பார்த்து வைத்தாள். குளிருக்கு உள்ளே வா என்று அம்மா கத்தினாள். அவள் கேட்கவில்லை.

மாசியில் அது நடந்தது. அதைப் பற்றி நான் உன்னோடு ஒரு நாளும் பேசவில்லை; பேச எனக்கு வாய் வரவில்லை. நீங்கள் உள்ளே இருந்த நேரம் முழுவதும் நான் ஆஸ்பத்திரிக் கார் பார்க்கில், டயரில் காற்றுப் பார்க்கிறவனைப் போலக் காரைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். பிறகு வீட்டுக்கு ஆட்கள் வந்தார்கள், சாப்பாடு கொண்டுவந்தார்கள், ஆளுக்கொரு சாமியின் பெயரைச் சொல்லிவிட்டுப் போனார்கள். டொக்டர் சொன்னதை நீதான் எங்களுக்குச் சொன்னாய்: காரணம் என்று ஒன்றும் இல்லை, சில வேளை இப்படி நடக்கும். நிரோ மேலே அறையில் திரையை மூடிக்கொண்டு கிடந்தாள். அந்த நிலைமையில்தான் சித்திரை வந்து, மதிலோரம் அந்தப் பூக்கள் வந்தன. சிவப்பு, ஓரத்தில் மெல்லிய மஞ்சள். தபால்காரன்கூட நின்று பார்த்துவிட்டுப் போனான். ஒரு காலை அவள் தானாகக் கீழே இறங்கி வந்து, தேத்தண்ணிக் கோப்பையோடு முன் மதிலில் போய் இருந்தாள். திரும்பி உள்ளே வந்து, "மாமி, புட்டு இருக்கோ?" என்று கேட்டாள். அவள் சாப்பாடு கேட்டு எத்தனை நாள்! அம்மா குசினிக்குள் போய் அழுதுவிட்டுத்தான் புட்டை எடுத்துவந்தாள். அன்றைக்கே எனக்கு அந்தப் பூக்கள் மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது, உண்மையைச் சொன்னால்.

பூ உதிர்ந்த பிறகு நான் கத்தரிக்கோலோடு போனேன். உனக்கு என்னைத் தெரியும்தானே, வாசல் துப்புரவாக இருக்கவேண்டும். மொட்டைத் தண்டும் தொங்கின இலையுமாகக் கிடந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? முதல் இலையில் கத்தரியை வைத்தேன். மேல் ஜன்னலிலிருந்து ஒரு சத்தம்: "மாமா, இலையிலை கை வையாதேங்கோ!" இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் என்னோடு குரல் உயர்த்தியது அதுதான் முதல் தரம். இறங்கி ஓடிவந்து எனக்கு வகுப்பு எடுத்தாள். விதைக்காய் பிடிக்காமல் பூத் தலையை மட்டும் கிள்ளிவிடவேண்டும், இல்லாவிட்டால் கிழங்கின் பலம் எல்லாம் விதைக்குப் போய்விடும். தண்டும் இலையும் பச்சையாக நிற்கும்மட்டும் தொடக்கூடாது. அந்த இலை வெயிலைக் குடித்துத்தான் அடுத்த வருஷத்துப் பூவுக்குக் கிழங்கை நிரப்பும். பார்க்க அசிங்கமாக இருக்கிறதே என்று நான் சொன்னேன். "அசிங்கமா இருந்தால் இருக்கட்டும் மாமா. அதுக்கு வேலை முடியேல்லை," என்றாள். சரி என்று விட்டுவிட்டேன். ஒரு மாதத்துக்கு மேலாக எங்கள் முன் வாசல் சவரம் செய்யாத முகம் மாதிரிக் கிடந்தது. கோயிலால் வந்த ஆட்கள் எல்லோரும் கேட்டார்கள், நானும் எல்லோருக்கும் இலைக்கு வேலை முடியவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

இலை முழுக்க மஞ்சளாகி, பிடித்து இழுத்தால் கையோடு வரும் பதம் வந்ததும், ஆனி மாதத்தில் முள்ளுக் கரண்டியால் ஒவ்வொன்றாகக் கிண்டி எடுத்தாள். கழுவவில்லை, ஈரம் பட்டால் பூஞ்சணம் பிடிக்குமாம். மண்ணை விரலால் தட்டிவிட்டு, ஷெட்டுக்குள் பேப்பர் விரித்து நிழலில் உலர விட்டாள். அமத்திப் பார்த்து மெத்தென்று இருந்ததை எல்லாம் எறிந்தாள். தாய்க் கிழங்கோடு ஒட்டியிருந்த குட்டிகளைப் பிரித்துத் தனியாக வைத்தாள். அந்த நேரம் நீ லப்டொப்பும் கையுமாக இறங்கி வந்து, "ஏன் இவ்வளவு கரைச்சல்? வின்டருக்குப் புதுசா வாங்கலாமே," என்றாய். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. உனக்கு அது சின்னக் கேள்வி. நான் பக்கத்தில் நின்றேன், அவளுடைய கை ஒரு கணம் நின்று போனதைப் பார்த்தேன். தம்பி, அந்தக் கேள்வியை இனிமேல் எதைப் பற்றியும் அவளிடம் கேட்காதே. மாசிக்குப் பிறகு, "வேறொண்டு கிடைக்கும்தானே" என்று எத்தனை பேர் அவளிடம் சொல்லிவிட்டுப் போனார்கள் என்று எனக்குத் தெரியும்.

அந்த ஆடியில் நீங்கள் நோர்பரி பிளாட்டுக்குப் போனீர்கள். அங்கே ஒரு பிடி மண் இல்லை. போகிற அன்று அவள் கிழங்குகளைச் சின்ன வெங்காயம் வருகிற சிவப்பு வலைப் பைக்குள் போட்டு என்னிடம் தந்தாள். "குளிரான, இருட்டான, காத்துப் போற இடத்திலை வையுங்கோ மாமா. கார்த்திகையிலை வந்து நான் நடுறன்." அம்மாவிடம் தரவில்லை, உன்னிடம் தரவில்லை, என்னிடம்தான் தந்தாள். எனக்கு அதில் எவ்வளவு பெருமை என்று கேட்காதே. வீட்டில் ஆகத் திறமான இடம் எது என்று யோசித்தேன். மாடிப்படிக்குக் கீழே உள்ள என்னுடைய மாம்பழ அறையை விட வேறு எது? வருஷா வருஷம் நான் அதற்குள் செய்கிற வித்தைகள் உனக்குத் தெரியும். ஊரிலிருந்து பிளேனில் வருகிற கறுத்தக்கொழும்பான், அது முடிய பாகிஸ்தான் பெட்டிகள், ஒவ்வொன்றையும் பேப்பரில் சுற்றி அடுக்கி, கெதியாகப் பழுக்கட்டும் என்று நடுவில் ஒரு நல்ல கனிந்த வாழைப்பழம். கதவைத் திறந்தால் தெருவுக்கே மணக்கும். அந்த அறையில், பெட்டிகளுக்கு நேர் மேலே, ஆணியில் வலைப் பையைத் தொங்கவிட்டேன். அந்தக் கோடை முழுவதும் அது அங்கேதான் தொங்கியது. பழம் எடுக்கப் போகும்போதெல்லாம் ஒரு தரம் தடவிப் பார்ப்பேன், பூஞ்சணம் இல்லை, கல் மாதிரிக் கிடந்தது.

கார்த்திகையில் அவள் வந்து நட்டாள். முந்தின வருஷம் போலவே கூர்ப்பக்கம் பார்த்துப் பார்த்து. பங்குனியில் இலை வந்தது, நல்ல கொழுத்த இலை. நான் படம் எடுத்து அனுப்ப அனுப்ப அவள் இதயம் இதயமாகப் போட்டாள். பிறகு மொட்டு வந்தது, வந்த மொட்டு விரியவில்லை. கிட்டப் போய்ப் பிரித்துப் பார்த்தால் உள்ளே காய்ந்த காகிதம் மாதிரி. ஒன்று இரண்டு இல்லை, மதிலோரம் முழுக்க. நான் அவளுக்குப் படம் அனுப்புவதை நிறுத்திவிட்டேன். அதுவே பிழை, சொல்லாமல் வைத்திருந்து, வருஷத்தன்று வாசலில் அவளே நேரில் பார்க்கும்படி விட்டுவிட்டேன்.

அன்றைக்குப் பிளேஸ்டோ மாமியும் வந்தா. என் அக்காவை உனக்குத் தெரியும், மனதில் ஒன்றும் இல்லை, ஆனால் வாய்க்குப் பூட்டும் இல்லை. நிரோ உள்ளே, கதவுக்குப் பின்னால் குனிந்து சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருந்தாள். நான் வாசற்படியில் நின்றேன், நீ இன்னும் கார் விட இடம் தேடிக்கொண்டிருந்தாய். அக்கா மதிலடியில் நின்று காய்ந்த மொட்டுகளைப் பார்த்துவிட்டு என்னிடம், "ஆர் நட்டது, மருமகளே? பாவம், அந்தக் கைக்கு ஒண்டும் தங்காது போல கிடக்கு," என்றா. கைராசி என்பது எங்கள் ஆட்களுக்குச் சும்மா பேச்சு இல்லை. வருஷத்தன்று கைவிசேஷக் காசு வாங்கக்கூட நல்ல கை பார்த்துத்தான் போவோம். மிளகாய்க் கன்றை யார் ஊன்றுவது, கடையில் முதல் வியாபாரம் யார் செய்வது என்று பார்க்கிற சனம். நிரோவின் கை சப்பாத்து லேஸில் அப்படியே நின்றது. நான் பார்த்தேன். பார்த்துவிட்டு என்ன சொன்னேன் தெரியுமா? "வாங்கோ அக்கா, சாப்பாடு ஆறப்போகுது." அவ்வளவுதான் சொன்னேன்.

அக்காவுக்கு மரியாதை கொடுத்து வாயை மூடினேன் என்று இவ்வளவு நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அக்கா சொன்னது சரியாக இருக்குமோ என்று எனக்கும் ஓடியது. அதுதான் என் வாயைக் கட்டியது. அந்தக் கணத்தில் அவள் நிமிர்ந்து என்னுடைய முகத்தைப் பார்த்தாள். அன்றைக்குக் கைவிசேஷமும் வாங்காமல், சாப்பாட்டையும் அளைந்துவிட்டு, தலையிடி என்று உன்னை இழுத்துக்கொண்டு போனாள். நீ என்னிடம் கோபப்பட்டாய், நிரோவை யாரோ ஏதோ சொல்லிப்போட்டினம் என்று. நான், "ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை," என்றேன்.

இப்போது போன கிழமைக்கு வருகிறேன். குசினியில் நீ சொன்னது கேட்ட அடுத்த நாள் காலை, ஒரு செடியை வேரோடு பிடுங்கிச் சொப்பிங் பையில் போட்டுக்கொண்டு தோட்டக் கடைக்குப் போனேன். கிழங்குதான் கள்ளக் கிழங்கு என்று அவர்கள் வாயால் சொன்னால், அதைக் கொண்டுபோய் நிரோவுக்குச் சொல்லலாம் என்பது என் திட்டம். சண்டை பிடிக்கத் தயாராகத்தான் போனேன். அங்கே நின்றது மண் பிடித்த கையுறை போட்ட ஒரு வெள்ளைக்கார அம்மா. "இந்தக் கிழங்கு எங்கள் கடையில் வாங்கியதா?" என்று கேட்டா. இல்லை, சந்தையில் வாங்கியது, ஆனால் எல்லாக் கடையும் ஒன்றுதான் என்றேன். அவ சிரிக்காமல் மொட்டைப் பிரித்துப் பார்த்தா, கிழங்கை நகத்தால் கீறிப் பார்த்தா. கிழங்கு நல்லாத்தானே இருக்கு, கோடையில் எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்டா. மாடிப்படிக்குக் கீழே, நல்ல இடம், இருட்டு, காற்றோட்டம் என்று பெருமையாகச் சொன்னேன். "பக்கத்தில் பழம் ஏதாவது? ஆப்பிள், வாழைப்பழம்?" ஆப்பிளா, எங்கள் வீட்டில் ஆப்பிள் யார் சாப்பிடுகிறார்கள் என்றேன். சொல்லி முடிய முன்னமே மாம்பழப் பெட்டிகளுக்கு மேலே தொங்கின வலைப் பை என் கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டது.

பூ சித்திரையில் உண்டாவதில்லையாம், தம்பி. கோடையில், கிழங்கு சும்மா தொங்குகிறது என்று நாங்கள் நினைக்கிற அந்த நேரத்தில்தான், உள்ளே பூவின் கரு உருவாகிறதாம். பழுக்கிற பழத்திலிருந்து ஒரு வாயு வருமாம், அது பட்டால் அந்தக் கரு உள்ளேயே கருகிவிடுமாம். இலைக்கு ஒன்றும் நடக்காது, கிழங்கும் சாகாது, பூ மட்டும் வராது. அந்த அம்மா இதை ஆறுதலாக விளக்கிக்கொண்டிருந்தா. எனக்கு விளக்கமே தேவைப்படவில்லை. நடுவில் வாழைப்பழம் வைத்தால் பெட்டி முழுக்கப் பழுக்கும் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறவன் நான்தானே. "கிழங்கு தப்புமா?" என்று மட்டும் கேட்டேன். இலை வாடும்மட்டும் விடுங்கள், கொஞ்சம் உரம் போடுங்கள், இந்தத் தரம் பழத்துக்குக் கிட்டக் கொண்டுபோக வேண்டாம், பெரியது அடுத்த வருஷம் பூக்கலாம், சின்னதுக்கு இன்னும் ஒரு வருஷம் செல்லும் என்றா. சண்டை பிடிக்கப் போனவன் பிடுங்கின செடியைத் தூக்கிக்கொண்டு தாங்க் யூ சொல்லிவிட்டு வந்தேன்.

அம்மாவிடம் சொன்னேன். "மாம்பழம் மாம்பழம் எண்டு துள்ளினியள்," என்றாள். அக்காவுக்குப் போன் எடுத்தேன். "ஐயோ, நான் வாய்க்கு வந்ததைச் சும்மா சொன்னனடா," என்றா. "உன்ரை வாய்க்கு வந்தது ஒரு பிள்ளையின்ரை வயித்திலை போய் விழுந்திருக்கு," என்று கத்திவிட்டேன். என் ஆயுளில் அக்காவிடம் அப்படிப் பேசியதில்லை. பிறகு அழுதுகொண்டு, "நான் வந்து அவளிட்டைச் சொல்லட்டோ?" என்று கேட்டா. முதலில் நான் சொல்லவேண்டும் என்றேன்.

ஒன்றை மட்டும் கவனமாகக் கேள். மாம்பழத்தைத் தள்ளி வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல நான் வரவில்லை. பூ வராததற்குக் காரணம் இருந்தது, அது நான். பிள்ளை போனதற்கு ஒருவரும் காரணம் இல்லை. இரண்டையும் எடுத்து ஒரே முடிச்சாகப் போட்டது எங்கள் வாயும் என் மௌனமும். பேரப்பிள்ளை கேட்டும் எழுதவில்லை. வேண்டாம் என்று இரண்டு பேரும் முடிவெடுத்தால் வேண்டாம்தான், அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் அந்த முடிவை அவள் தன் கையைப் பார்த்து எடுக்கக்கூடாது. உனக்கும் ஒன்று சொல்கிறேன்: "யோசிக்காதை" என்று அவளிடம் சொல்லாதே. நாங்கள் பிளேஸ்டோவில் ஒரு அறையில் இருந்த காலத்தில் ஊரிலிருந்து கெட்ட செய்தி வரும்போதெல்லாம் நான் அம்மாவிடம் அதைத்தான் சொன்னேன். அவள் யோசிப்பதை நிறுத்தவில்லை, எனக்கு முன்னால் அழுவதைத்தான் நிறுத்தினாள். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்ரூமில் அழுதிருக்கிறாள் என்று எனக்குத் தெரியவர எவ்வளவோ காலம் ஆயிற்று. நிரோ பேசினால் பக்கத்தில் இரு. பேசாவிட்டாலும் இரு.

இனிக் கடைசி. உனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, தம்பி. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு என்று இறக்கிவிட்டால் பின் கதவால் பந்தடிக்கப் போன ஆள் நீ. நான் எழுதுவதையெல்லாம் உனக்கு வாசித்துக் காட்டுவது யார் என்றும், என்னைப் போலவே இருமி இருமி வாசிப்பாள் என்றும் நீயே சொல்லிச் சிரித்திருக்கிறாய். அவள் என் போனை எடுக்கிறாள் இல்லை. வீட்டுக்கு வந்தால் கதவைத் திறப்பாளோ தெரியாது. ஆனால் உனக்கு வந்த கடிதத்தை வாசிக்காமல் விடமாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

நிரோ பிள்ளை, இவ்வளவு நேரமும் வாசித்துக்கொண்டிருப்பது நீதானே. மாமாவை மன்னிக்கிறதும் விடுகிறதும் உன் விருப்பம், அதற்கு அவசரம் இல்லை. ஒன்றே ஒன்று செய். இதுவரை அவனுக்காக வாசித்தாய். இனி இருக்கிற ஒரு வரியை இருமாமல், என் குரலில் இல்லாமல், உன் சொந்தக் குரலில், அவனுக்குக் கேட்கும்படி சத்தமாக வாசி:

என்ரை கையிலை ஒரு குறையும் இல்லை.